தோல் சிலிர்த்தது

ஆம்பூர் டேனரி ஒன்றில் பதப்படுத்திய தோலை ரகம் பிரிப்பவன் சஞ்சீவி. கண்ணை மூடிக்கொண்டுதான் தடவுவான். ஆறிப்போன புண், உண்ணி கடித்த தழும்பு, தார்க்குச்சி குத்தியது எல்லாம் அவன் விரலுக்குத் தெரியும். அந்த இடத்தை ஊதாப் பென்சிலால் சுழித்துவிடுவான். அந்த வலது கைக்குத்தான் நடுக்கம் வந்தது. காற்றில்லாத நாளிலும் அரசிலை ஆடுமே, அப்படி ஆடியது.

மேனேஜர் அப்துல் வஹீத் பொறுத்துப் பார்த்தார். "திங்கக்கிழமை தோல் வாங்க மெட்ராஸ் பார்ட்டி வருது. கை நிக்கலைன்னா உன் எடத்துல வேற ஆளுதான். பேஜார் பண்ணாதே."

வேலூரில் ஒரு டாக்டர் உப்புத்தண்ணீரில் நனைத்த துணியை அவன் மணிக்கட்டில் சுற்றி, மரப்பெட்டி ஒன்றிலிருந்து மெல்லிய கரண்டை விட்டார். தோள்வரை எறும்பு ஊர்ந்தது.

"நடுக்கத்துக்கு ஒரு தாளம் இருக்குப்பா. நரம்புல கரண்டு விட்டு அதைக் கலைச்சுப் பாக்கறோம். சில பேருக்கு அடங்குது. எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாது."

பெட்டியை நிறுத்தியபோது கை கல்லாகக் கிடந்தது. மனைவி கோவிந்தம்மாள் தம்ளர் நிறையத் தண்ணீர் நீட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. "யோவ், என் கண்ணே பட்டுடும்யா!" என்று சிரித்தவள் அப்படியே அழுதாள்.

திங்கட்கிழமை காலை தோல் அடுக்கின்மேல் உள்ளங்கையை வைத்தான். தோல் சிலிர்த்தது. ஈ உட்கார்ந்ததும் மாடு முதுகை உதறுமே, அந்தச் சிலிர்ப்பு. நடுக்கம் திரும்பிவிட்டதோ என்று கண்ணைத் திறந்தான். கை அசையவில்லை.

"பாய், தோல் ஆடுது."

"இன்னாபா, கரண்டு மண்டைக்கு ஏறிடுச்சா?" வஹீத் தானும் தடவிப் பார்த்தார். "மாடு செத்து எத்தினி மாசம் ஆச்சு! மார்க்கு போடு."

போட்டான். சிலிர்த்த இடத்திலெல்லாம், வெளிச்சத்தில் பிடித்தாலும் லேசில் தெரியாத தழும்பு இருந்தது. மெட்ராஸ்காரர் வாய் பிளந்தார். "இந்த ஆளை விட்டுடாதீங்க பாய்."

அடுத்தது ஒரு கன்றுத் தோல். அது உதறவில்லை. தாயிடம் நக்கக் கொடுக்கும் கன்றுபோல உள்ளங்கைக்குள் வந்து அழுந்தியது. இளஞ்சூடாக இருந்தது. கழுத்தருகே சின்னத் தழும்பு. பென்சில் முனை பட்டதும் தோல் முழுதும் நடுங்கத் தொடங்கியது. அது தன் கையைவிட்டுப் போன அதே நடுக்கம், அதே தாளம் என்று சஞ்சீவிக்குத் தெரிந்துவிட்டது.

பென்சில் கீழே விழுந்தது. அவன் கை மறுபடி ஆடியது. தோல் அடங்கிவிட்டது.

"பரவால்ல," என்றார் வஹீத். "நாளைக்கே வேலூர் போ. வாரா வாரம் கரண்டு வெச்சுக்க. செலவு கம்பெனிது."

"வேணாம் பாய். தோல் ஊறப்போடற பட்டையை இடிக்கிற கொட்டாய்ல சேத்துக்கோங்க. அங்க கை ஆடினா இன்னா?"

"கூலி பாதி கம்மிடா! கோவிந்தம்மா கேட்டா இன்னா சொல்லுவே?"

சஞ்சீவி ஆடுகிற கையைக் கன்றுத் தோலின்மேல் வைத்து, அது தூங்கட்டும் என்பதுபோல் நெடுநேரம் நின்றான்.