முள்ளில்லாத வாட்ச்

அந்த வாட்ச்சில் முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. வட்டத்துக்குள் இரண்டு தங்கப் பிறைகள் சுற்றிவரும். பெரியது மணிக்கு, சின்னது நிமிடத்துக்கு. விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். புதுவரவு என்பதால் விற்கிறவள் கையிலும் ஒன்று மினுங்க வேண்டும் என்று வாட்ச் கடை மேனேஜர் உத்தரவு. அப்படித்தான் அது அவள் மணிக்கட்டுக்கு ஏறியது.

வாழ்ந்து கெட்டவள் என்பார்கள். இவள் வாழப்போய்க் கெட்டவள். விவாகரத்தாகி, ஏழு வயது மகள் தகப்பனிடம். வாரத்தில் ஒரு நாள், நாலிலிருந்து ஐந்து வரை, கோர்ட்டில் உடைந்த பொம்மைகள் கிடக்கும் ஓர் அறையில் பெற்றவள் பார்த்துக்கொள்ளலாம். போன வாரம் பஸ் கிடைக்காமல் பிந்திவிட்டாள்.

"இன்னொரு தடவை லேட்டானா, இவ வரவே வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன்" என்றிருந்தான் அவன். சொன்னால் செய்கிற ஆள். நல்லதைத் தவிர.

மூன்றரைக்குக் கிளம்ப மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாள். வேலை நேரத்தில் செல்போன் லாக்கரில். கடையில் சுவர்க்கடிகாரம் கிடையாது. வந்தவர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடுமாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் பத்து மணி பத்து நிமிடத்தில் நின்றிருக்கும். அப்போதுதான் முள்ளிரண்டும் மேலே தூக்கிச் சிரிக்குமாம். வந்தவர்கள் போட்டுப் பார்த்துக் கொடுத்ததும் துடைத்து, பக்கவாட்டுச் சாவியை இழுத்து ஓட்டத்தை நிறுத்தி, சிரிப்புக்குத் திருப்பிவிட வேண்டும். முள்ளில்லாத இந்த மகாராணி சிரிப்பது மட்டும் மூன்று மணிக்கு; அப்போதுதான் பெரிய பிறை வாய்போல மல்லாந்து கிடக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கணவன் மனைவி வந்தார்கள்.

"இதுல மணி எப்படிம்மா பார்க்கிறது?"

"பெரிய பிறையோட நுனியைப் பாருங்க சார்."

"இவருக்கு மணி தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? எங்க போனாலும் கதவைச் சாத்தினப்புறம்தான் போய் நிப்பாரு" என்றாள் மனைவி.

மூவரும் சிரித்தார்கள். அவர் கேட்டாரென்று கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் சட்டைக்கையை ஏற்றிவிட்டுக்கொண்டு அழகு பார்த்துத் திருப்பித் தந்தார். அவள் துடைத்தாள். மகளுக்குச் சிவப்பு கிளிப் வாங்கலாமா, மஞ்சளா என்று மனம் எங்கோ இருந்தது. பழகிய விரல்கள் சாவியை இழுத்தன, திருப்பின. வாட்ச் மறுபடி அவள் கைக்கே வந்தது.

அந்தம்மா கடையிலிருந்ததையெல்லாம் எடுக்கச் சொல்லி, ஒன்றும் வாங்காமல் எழுந்து போனாள். இவள் கையைப் பார்த்தாள். மூன்று. இன்னும் அரைமணி இருக்கிறதே என்று நிம்மதியாக ஒவ்வொன்றையும் துடைத்து அடுக்கினாள். மறுபடி பார்த்தாள். மூன்று.

காதோடு வைத்துப் பார்த்தாள்; மூச்சில்லை. ஓடிப்போய் லாக்கரைத் திறந்து செல்போனை எடுத்தால், மணி நாலரை.

"என்னடி ஆச்சு?" என்றாள் பக்கத்துக் கவுண்டர்காரி.

"என் கையாலேயே நிறுத்திட்டேன்டி!"

கையிலிருந்ததைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. ஆட்டோ பிடித்துப் போய் இறங்கியபோது, தகப்பனும் மகளும் கோர்ட் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஊருக்கெல்லாம் வாட்ச் விக்கிறவளுக்கு மணி தெரியலையோ?"

"வாட்ச் நின்னுபோச்சுங்க. சத்தியமா..."

அவன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான். "நல்லாத்தான் மினுங்குது. உன்னைக் கட்டினேன் பாரு, என் நேரம்! உள்ள எழுதிக் குடுத்தாச்சு. இனிமே கோர்ட்டு கூப்பிட்டா வா."

மகள் அதற்குள் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பியிருந்தாள்.

"அம்மா, இது சிரிக்குது பாரேன்!"

"ஆமா கண்ணு."

"எப்பவும் சிரிக்குமா?"

"இல்லடா. நிறுத்தி வச்சாத்தான் சிரிக்கும்."

அவன் குழந்தையை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். அவள் பைக்குள் செல்போன் அடித்தது. மேனேஜர்தான். வாட்ச்சைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.