சாமிக்கு எடுத்த சாமை

1

இந்தக் கதை, சுமித்ராவுக்கு நான் எழுதிய பதில் கடிதத்தில் தொடங்கியது. அவள் கேட்கும் கேள்விகளுக்கு எண் போட்டுப் பதில் எழுதுவது என் பழக்கம். நான்காவதற்குப் பதில் தெரியவில்லை. கதையாக்கிப் பார்க்கிறேன்.

தொடக்கம்: கொல்லிமலையில் அன்று மூடுபனி...

(வேண்டாம். பனிக்கு இதில் வேலையில்லை.)

2

சுமித்ரா ஆய்வு மாணவி. விஞ்ஞானத்தில் ஓர் உண்மை எப்படி உண்டாகிறது என்று பார்க்க, கொல்லிமலை ஆலத்தூர் நாட்டிலுள்ள சோதனை வயலுக்கு ஒரு வருடமாக வந்துபோகிறாள். நாட்டுச் சாமை ஒரு பாத்தி. விவசாய ஆபீஸ் கொடுத்த புது விதை ஒரு பாத்தி. அறுத்து அடித்து எடைபோட்டு நோட்டில் எழுதுபவள் பானுமதி. இரண்டு வருடமாக எடையில் புது விதையே கொஞ்சம் முன்னால். இந்த வருடமும் அப்படியென்றால் நாட்டு விதையை, விவசாயிகளுக்குச் சிபாரிசு செய்யும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

எடைக்கு முன் பானுமதி நாட்டுச் சாமையில் இரு கை அள்ளி முறத்தில் தனியே வைத்தாள்.

"எதுக்குங்கக்கா?"

"மொதப் புடி சாமிக்குக் கண்ணு. அதையப் போயித் தராசுல ஏத்துவாங்களா?"

"புது வெதையில எடுக்கலீங்களே?"

"ஆபீஸ் வெதையவா? எங்க சாமி மூஞ்சியத் திருப்பிக்கும்!"

சுமித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டைப் புரட்டினாள். இரண்டு விதைக்கும் இருந்த வித்தியாசம், எந்த வருடமும் இரு கைச் சாமையைத் தாண்டவில்லை.

பானுமதியின் சிரிப்பும் நின்றது. "எழுதிப்போடாத கண்ணு. என்னய வேலைய உட்டு நிறுத்திப்போடுவாங்க."

3

(கட்டுரைப் பத்தி. நீங்கள் தாவலாம்; சுமித்ராவால் முடியவில்லை.)

அவள் துறையின் அடிவேரிலேயே ஒரு சண்டை. விஞ்ஞானம் தவறிய இடத்தில் மட்டும் சமூகக் காரணத்தைத் தேடு என்றார்கள் முன்னவர்கள். சரிக்கும் தவறுக்கும் ஒரே கேள்வியைக் கேள் என்றார்கள் பின்வந்தவர்கள். சுமித்ரா பின்னவர் பக்கம். ஆனால் அவள் எழுதினால், படிப்பவர்கள் முன்னவர் பக்கம் போய்விடுவார்கள்: தவறுக்குக் காரணம் பானுமதியின் சாமி. எடைக்கு முன் என்ன செய்வாய் என்று அவளை ஒரு தடவைகூடக் கேட்காத ஆபீஸை யார் கேட்பார்கள்?

4

முடிவு அ: எழுதுகிறாள். விதை தப்புகிறது. நோட்டில் வேறு கையெழுத்து.

முடிவு ஆ: எழுதவில்லை. பானுமதி இருக்கிறாள். அடுத்த அறுப்பில் அவள் சாமிக்கு அள்ள நாட்டுச் சாமை

(முடிக்க முடியவில்லை.)

நான்காம் கேள்வி: "பெயரை மாற்றி எழுதினால் போதுமா?"

நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.* இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. சுமித்ராவின் அறிக்கை வெள்ளிக்கிழமை போக வேண்டும். கடிதத்தில் நான்காம் எண்ணுக்கு எதிரே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் எதை அள்ளித் தனியே வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து.

* அந்த வயலில் எடைபோடுபவள் ஒருத்திதான்.