முனியாண்டி மரத்து விதை

குணமணி கூடையோடு முனியாண்டி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கோயில் தலைவரான அவளுடைய அண்ணன் சிவஞானம் மரத்தடியைக் கூட்டி முடித்திருந்தார். காட்டுச் சண்பகத்தின் இலை, வெடித்த காய், சிவந்த விதை எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. வெள்ளிக்கிழமைதோறும் நடப்பதுதான். அந்த மரத்திலிருந்து விழுந்ததை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கூட்டி அங்கேயே எரித்துவிட வேண்டும்.

நமுனுகுல மலையின் இந்தச் சரிவில் காடு என்று சொல்ல மிஞ்சியது அந்த ஒற்றை மரம். மற்றதையெல்லாம் தேயிலைக்காக எப்போதோ வெட்டிவிட்டார்கள். அடியில் சூலம் நட்டிருந்ததால் இது தப்பியது. காடு போனபின், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பீலியும் மெலிந்து, கோடையில் நூலாக வடிந்தது. ஊற்றுக்கு மேலே மறுபடி சண்பகம் வைப்பதென்று லயத்தார் கூடி முடிவெடுத்தார்கள். தவறணை என்ற நாற்றுப்பண்ணையில் கன்று வளர்க்கும் வேலை குணமணிக்கு. எல்லாருக்கும் தேயிலைக்குப் பழகிய கை. நல்ல செடி ஒன்றைப் பார்த்து, அதன் கிளையையே வெட்டி வெட்டி நட்டு, மலை முழுக்க ஒரே செடியாக நிரப்புவது தோட்டத்து வழக்கம். அதே நினைப்பில், தோட்டத்துரை பங்களா வாசலில் யாரோ நட்டு வளர்த்து, நேராக நின்ற ஒரு சண்பகத்தின் விதையையே அத்தனை கன்றுக்கும் போட்டார்கள். போன மழையில் வேரழுகல் வந்தது. ஒன்றாவது தாக்குப்பிடித்திருக்கும் என்று அவள் வரிசையாகப் பிடுங்கிப் பார்த்தாள். எல்லா வேரும் ஒரே கறுப்பு.

அதன்பின் பஸ் ஏறி பெரகல வரை போய், மரம் மரமாகத் தேடி விதை பொறுக்கினாள். ஆனால் இந்தச் சரிவின் மழையிலும் காற்றிலும் நின்று பிழைத்தது முனியாண்டி மரம்தான். அதன் பிள்ளைகள் வாரந்தோறும் சாம்பலாகிக்கொண்டிருந்தன.

"கூடை எதுக்கு?" என்றார் சிவஞானம்.

"தெரிஞ்சிக்கிட்டே கேக்காதண்ணே."

"சாமி சொத்து. பங்களா மரத்துல எடு, போ."

"அது பெத்ததெல்லாம் ஒண்ணா செத்துச்சே, பாத்தீல்ல? வேற வேற மரத்துப் புள்ளைங்க கலந்து நின்னாத்தான் ஒண்ணு விழுந்தாலும் இன்னொண்ணு நிக்கும்."

"அதுக்கு முனியாண்டி புள்ளையத்தான் தூக்கணுமா?"

"நான் தூக்குறேன். நீ எரிக்கிற."

அவர் முகம் இறுகியது. "எடுத்தீன்னா திருவிழாவுக்குத் தேரு உன் வாசல்ல நிக்காது. உன் புருசன், புள்ளைங்க எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

தேர் நிற்காத வீட்டுக்கு லயத்தில் யாரும் கல்யாணத்துக்குக்கூட வர மாட்டார்கள்.

"நிக்காட்டி போகட்டும்," என்றாள். "பீலி வத்துனா சாமிக்கு எதுல அபிசேகம் பண்ணுவன்னு மட்டும் யோசிச்சு வை."

சிவஞானம் தீக்குச்சியை உரசினார். குணமணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சூலத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு குவியலின் மேலேயே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தாள்.

"அந்தப் பக்கமா பத்த வைண்ணே. காத்து அங்கேருந்துதான் வருது."

குச்சி அவர் விரல் வரை எரிந்து அணைந்தது. அடுத்ததை எடுத்தார், உரசாமல் பிடித்துக்கொண்டே நின்றார். அவள் நிமிரவில்லை. விதைத்தோலின் சிவப்பு மணிக்கட்டு வரை வழிந்திருக்க, கூடையின் அடி கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தது.