நாற்பதடி மனை

பதினொன்றாம் நம்பர் வீட்டுக்கும் பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்கும் நடுவில் இருந்த காலி மனை, தெருவில் நின்று அளந்தால் நாற்பது அடி அகலம், அறுபது அடி நீளம். உள்ளே இறங்கி நடந்தால் நாலு நாள் நடந்தும் பின்சுவர் வராது. தெருவில் எல்லாவற்றுக்கும் சண்டை உண்டு, இதற்கு மட்டும் இருந்ததில்லை. மனைக்குச் சொந்தக்காரர் கடல் தாண்டிப் போனவர், போனவர் போனவர்தான். குப்பை வண்டி தெருமுனையோடு நின்றுவிடும். முனை வரை நடக்க எல்லோருக்கும் கால் வலி. ஆகவே ஆளாளுக்கு 'இன்னிக்கு மட்டும்' என்று சொல்லி மனைக்குள் வீசினார்கள், மறுநாளும் அதையே சொன்னார்கள். மனை உள்ளுக்குள் நீண்டுகொண்டே போனது. பிள்ளைகள் அடித்த பந்து ஒன்று செவ்வாய்க்கிழமை உள்ளே போய் வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆகாயத்திலேயே இருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் விழலை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

எதிர் வீட்டில் தையல்காரர் குடியிருந்தார். முன்னறைதான் கடை. அவர் மனைவி சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். ஒரு நாளைக்கு நூறு பொத்தான்துளை கையாலேயே தைப்பாள் என்பதால் தெருவே அவளைக் காஜாக்கா என்று கூப்பிட்டது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. தையல்காரர் நல்ல மனுஷர், ஒரே ஒரு வியாதி: அரை அங்குலம் பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. அவருக்கு வந்த கஷ்டமும் அதனால்தான் வந்தது. மற்றவர்கள் வீசிய குப்பைக்கு முகம் கிடையாது, வெங்காயத் தோலைப் பார்த்து யார் வீட்டு வெங்காயம் என்று சொல்ல முடியுமா? தையல்காரர் கொட்டிய வெட்டுத்துணிக்கோ தெருவில் எல்லோருடைய சட்டை நிறமும் இருந்தது. குற்றவாளி அவர் ஒருத்தர்தான் என்று ஆகிவிட்டது. பதினொன்றாம் நம்பர் வாத்தியார் தன் சுவரோரம் துணி கிடக்கிறது என்று கத்தினார். பன்னிரண்டாம் நம்பர் டயர்க்கடைக்காரர் தன் சுவரோரம் கிடப்பதைச் சொல்லி அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"ரெண்டு பேர் சுவரும் வேணாங்க," என்றார் தையல்காரர். "சரியா நடுவுல கொட்டிடறேன், போதுமா?"

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, கழுத்தில் டேப்பும் காலரில் செருகிய ஊசியும் கையில் வெட்டுத்துணி வாளியுமாக அவர் மனைக்குள் இறங்கினார். மேஜையில் குழந்தையின் கவுன் பாதி வெட்டிய நிலையில் கிடந்தது. "பத்து நிமிஷத்துல வந்து கழுத்து வெட்டிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மத்தியானம் காஜாக்கா வாசலுக்கு வந்து பார்த்தபோது அவர் சாண் உயரம் இருந்தார். சாயங்காலம் கட்டைவிரல் அளவு. நடுவைத் தேடினால் இந்த மனுஷன் இப்படித்தான் நாளைக் கடத்துவார் என்று அவள் முதலில் பயப்படவில்லை. மறுநாள் சட்டைப் பட்டன் அளவுக்குப் போனதும் அவள் கூப்பிட்ட கூப்பாடு ரெண்டு தெரு தாண்டிக் கேட்டது. அவர் திரும்பிக் கையை ஆட்டினார், தெருவை நோக்கி நடக்கவும் ஆரம்பித்தார். அதில் சந்தேகமே இல்லை, எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அவர் நாலு அடி நடந்தால் தெரு ஐந்து அடி தள்ளிப்போனது. ஒரு மாதத்தில் அவர் குண்டூசித் தலை ஆனார்.

காஜாக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். புருஷனைக் காணோம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். எங்கே கடைசியாகப் பார்த்தீர்கள் என்று ஏட்டு கேட்டார்.

"இப்பக்கூடப் பார்த்துட்டுத்தாங்க வந்தேன். மாடியிலேருந்து தெரியறாரு."

"தெரியற ஆளைக் காணோம்னு நான் எப்படிம்மா எழுதறது?"

ஏட்டு சொன்னதிலும் நியாயம் இருந்ததால் அவள் திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவள் காஜா எடுத்தாள், வெட்டவும் தைக்கவும் தானே பழகிக்கொண்டாள், குழந்தையை வளர்த்தாள். துணி உலர்த்த மாடிக்குப் போகும்போதெல்லாம் பின்சுவர்ப் பக்கம் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். மற்றவர்கள் வீசிய விதையில் முளைத்த தக்காளியும் பூசணியும் உள்ளே இருந்தன, பழைய டயர்களில் மழைத்தண்ணீர் நின்றது. ஆள் பட்டினி கிடக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பெண்ணின் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அவளைச் சுவரில் நிறுத்தி அளவெடுப்பாள். உயரம், தோள், கை நீளம் எல்லாம் அளவுச் சீட்டில் எழுதி, சீட்டின் பின்னால் ஒரு வரியும் எழுதுவாள். முன்பல் விழுந்துடுச்சு. கணக்கு வரலை, உங்களை மாதிரி இல்லை. எனக்கு முடியலைங்க, சீக்கிரம் வாங்க. அதை ஒரு கல்லில் சுற்றி மாடியிலிருந்து வீசுவாள். கல் நாலைந்து நாள் கழித்து விழும். குண்டூசித் தலை குனிந்து எதையோ எடுப்பது தெரியும். அன்றைக்கு மட்டும் அவள் வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடுவாள்.

பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது ஆக ஒரு மாதம் இருந்தபோது மாநகராட்சியிலிருந்து சர்வேயர் வந்தார். கவனிப்பாரற்ற மனைகளையெல்லாம் இடிபாட்டு மண் கொட்டி மட்டமாக்கிக் கார் நிறுத்த விடுவதாக உத்தரவு. அலுவலக வழக்கப்படி மனையின் முகப்பை மட்டும் அளந்தால் போதும், அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் அளந்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். இவர் வேலைக்குப் புதுசு. அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு உள்ளேயே இறங்கிவிட்டார். போக நாலு நாள், திரும்பி வர ஐந்து நாள். அவர் திரும்புகிற நேரம் பார்த்து டயர்க்கடையில் பழைய சரக்கை மனைக்குள் வீசி ஒழித்தார்கள். தாடியோடு வெளியே வந்தவர், படிவத்தில் நீளத்துக்கு இரண்டு இலக்கக் கட்டம்தான் இருந்ததால் அறுபது என்றே எழுதினார். பிறகு காஜாக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரரைப் பார்த்தேங்க்கா, பட்டன் அளவுக்குத் தெரிஞ்சார். நல்லாத்தான் இருக்கார், நடந்துக்கிட்டே இருக்கார். ஆனா யாராவது எதையாவது வீசினா போதும், சங்கிலிக்கு முன்னாடி தரை நீண்டுடுது. ஒண்ணாம் தேதி முந்நூறு லாரி மண் வரப்போகுது. அப்புறம் அவர் இந்த ஜென்மத்துல வந்து சேர மாட்டார்."

காஜாக்கா காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "கல்லுல காகிதம் சுத்தி வீசினா?" என்று கேட்டாள்.

"எது வீசினாலும்தான்."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு சீட்டு. வா வா என்று எழுதி எழுதித் தன் கையாலேயே புருஷனைத் தள்ளிவிட்டிருக்கிறாள். "அட கடவுளே, நானுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒன்பது வருஷத்தில் அவள் தெருவில் உட்கார்ந்து அழுதது அந்த ஒரு தடவைதான். சர்வேயருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தெருக்காரர்களே மனையைச் சுத்தமாக வைத்திருந்தால் உத்தரவை ரத்து செய்யலாம் என்று ஒரு விதி இருப்பதாகவும், இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்றும் சொன்னார். இருபத்தாறு நாள் இருந்தது.

அன்றைக்கே அவள் கூடையோடு இறங்கி ஏழு கூடைக் குப்பையை அள்ளித் தெருமுனைக்குச் சுமந்தாள். மாடி ஏறிப் பார்த்தால் குண்டூசித் தலை குண்டூசித் தலையாகவே இருந்தது. மறுபடி இறங்கியபோது, என்றோ தானே தூக்கிப் போட்ட தேய்ந்த துடைப்பம் கண்ணில் பட்டது. அதை எடுத்து வெளியே வைத்தாள். புள்ளி ஒரு பொட்டு பெரிசானது. அவளுக்குப் புரிந்துவிட்டது: போட்டவரே எடுக்க வேண்டும், அடுத்தவர் அள்ளினால் செல்லாது. இதைவிடக் கஷ்டமான விதியை எந்த அலுவலகமும் போட்டிருக்க முடியாது.

முதலில் வாத்தியார் வீட்டுக்குப் போனாள். மனையில் கிடந்த சுவர்க்கடிகாரத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் கடிகாரம் என்ற ஒன்றையே வாழ்க்கையில் பார்த்திராதவர் மாதிரி விழித்தார். "நான் ஒரு துரும்பு போட்டிருப்பேனாம்மா? முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தவன்."

"வாத்தியாரே, நான் சண்டைக்கு வரலை. நீங்க அதை எடுக்கலைன்னா அவர் வர மாட்டார். அவ்வளவுதான் விஷயம்."

வாத்தியார் சன்னல் வழியாக அந்தப் புள்ளியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மறுநாள் காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் மனைக்குள் இறங்கிக் கடிகாரத்தையும், கூடவே யாரும் கேட்காத இரண்டு நாற்காலிகளையும் ஒரு மூட்டை விடைத்தாளையும் தூக்கி வந்ததைத் தெரு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. டயர்க்கடைக்காரர், ஊரில் டயர் விற்கிறவன் நான் ஒருத்தன்தானா என்று அதுவரை வீறாப்பாக இருந்தார். ஆனால் வாத்தியாருக்கு நல்ல பேர் கிடைக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. நாற்பத்தொரு டயரை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார், ஒவ்வொன்றையும் வாத்தியார் வீட்டு வாசல் வழியாகவே உருட்டினார். அதற்கு மேல் யார் மறுப்பார்கள்? இருபது வருஷத்துப் பொய்யெல்லாம் வெளியே வந்தது. ஆட்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள், சாப்பாட்டு மூட்டையோடு போய் மூன்றாம் நாள் திரும்பினார்கள். தையல்காரர் சட்டைப் பட்டன் ஆனார், பிறகு கட்டைவிரல். அவர் இருமுவதுகூடக் கேட்க ஆரம்பித்தது.

இருபத்தைந்தாம் நாள் மனையில் ஒரு தீக்குச்சி கிடையாது. தையல்காரர் சாண் உயரத்தில், வாளியோடு, வேகமாக நடந்துகொண்டிருந்தார். ஆனால் சாணுக்கு மேல் வளரவில்லை. இன்னும் யாரோ எடுக்கவில்லை என்றார் சர்வேயர். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். டயர்க்கடைக்காரர் வாத்தியாரைப் பார்த்து, பொறுக்கியெடுத்த சில வார்த்தைகள் சொல்ல ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க அண்ணே," என்றாள் காஜாக்கா. "மிச்சம் இருக்கறது என்னுதுதான். அது அவர் கையில இருக்கு."

பெண் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "நீயும் போய்ட்டா நான் என்னம்மா பண்றது?"

 காஜாக்கா பெண்ணின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். "பத்து நிமிஷம்னு நான் சொல்லமாட்டேன். எவ்வளவு நேரமோ எனக்குத் தெரியாது. ஆனா வருவேன்."

அவள் இறங்கி நடந்தாள். முழ உயரமானாள், சாண் ஆனாள். தெருவே வேலைக்குப் போகாமல் நின்றது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இரண்டு சாண் உருவங்களும் நேருக்கு நேர் நின்றன. பெரிய உருவம் பையிலிருந்து ஒவ்வொன்றாக எதையோ எடுத்துக் கொடுத்தது, சின்ன உருவம் வாங்கி வாங்கி மடியில் போட்டுக்கொண்டது. எட்டாவதை வாங்கியதும் இருவரும் பன்னிரண்டு தப்படியில் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

தையல்காரர் நரைத்திருந்தார். முதலில் வாத்தியாரையும் டயர்க்கடைக்காரரையும் பார்த்து, "மன்னிக்கணும், நடு கிடைக்கவே இல்லை" என்றார். வாளியில் வெட்டுத்துணி ஒரு துண்டுகூட இல்லை. அதற்குள் மடித்து வைத்திருந்த ஒரு கவுனை எடுத்து உதறினார். ஒன்பது வருஷம் நடக்க நடக்க, அந்த வாளித் துணியையும் முன்பு தானே கொட்டியதில் பொறுக்கியெடுத்த துணியையும் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, சீட்டு வர வர அளவைப் பெரிதாக்கித் தைத்தது. வாத்தியார் சட்டையின் கட்டம் தோளில் இருந்தது, டயர்க்கடைக்காரர் சட்டையின் நீலம் கையில். தெருவில் தன் துணியைத் தேடிக் கண்டுபிடிக்காதவர் யாரும் இல்லை. பெண் அப்பாவைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே போட்டுப் பார்த்தாள். நாலு விரல் குட்டை. போன வருஷ அளவு அது. எல்லோரும் சங்கடமாகத் தரையைப் பார்த்தார்கள்.

"வளர்ற பிள்ளைதானே," என்றார் அவர். "உள்ளே மடிச்சு விட்டிருக்கேன். பிரிச்சு விடு." காஜாக்கா அங்கேயே படியில் உட்கார்ந்து மடிப்பைப் பிரித்தாள். கண்ணீரில் நூல் தெரியாமல் இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள். கவுன் சரியாக நாலு விரல் இறங்கியது.

ஒன்றாம் தேதி லாரிகள் வந்தன, சர்வேயர் காட்டிய காகிதத்தைப் பார்த்துத் திரும்பிப் போயின. மனை இப்போது உள்ளேயும் வெளியேயும் நாற்பதுக்கு அறுபதுதான். போன மாதம் யாரோ ஒரு தீப்பெட்டியைப் போட்டதில் ஒரு விரற்கடை கூடியிருக்கிறது. யார் என்று விசாரணை நடக்கிறது, டயர்க்கடைக்காரர் வாத்தியாரைச் சொல்கிறார். எட்டுக் கல்லும் தையல் மேஜையில் துணி பறக்காமல் இருக்க உதவுகின்றன.

வந்த அன்று அவர் செய்த முதல் வேலையையும் சொல்லிவிட வேண்டும். கைகால் கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போனார். மூன்று வயதுக் குழந்தையின் கவுன் மேஜையில் அவர் போட்டுவிட்டுப் போன இடத்திலேயே கிடந்தது, காஜாக்கா யாரையும் தொட விட்டதில்லை. அவர் கத்தரிக்கோலை எடுத்து, கழுத்தை வெட்டி, ஓரம் அடித்து, ஆணியில் மாட்டினார். பத்து நிமிஷம்தான் ஆனது.