நான்காம் மாடியில் நின்ற மூச்சு

அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒவ்வொரு முறை ஏறும்போதும், நூறு இரும்புக் கட்டில்களை ஒரே நேரத்தில் படிக்கட்டில் இழுத்துப்போகிற மாதிரி சத்தம் போடும். யாராவது உள்ளே தும்மினால் அதற்குக் கோபம் வந்து நடுவழியில் நின்றுவிடும். அதைக் கட்டி மேய்த்தவர் நான்காம் மாடியில் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக். அவருடைய ஒரே மகளைக் கட்டடமே பொடிசு என்றுதான் கூப்பிடும். பொடிசின் அறைக்கும் லிஃப்ட் ஓடுகிற குழிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். எதிர்ப்பக்கத்துச் சன்னல் படிக்கட்டைப் பார்த்திருந்தது.

பள்ளி இறுதித் தேர்வில் பொடிசு கணக்கில் கோட்டை விட்டாள். மறுதேர்வு ஒன்று பாக்கி இருந்தது. அதிலும் போனால், போன வருஷம் வரை அவளை அக்கா என்று கூப்பிட்ட பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். பயம் ஏறியதே தவிரப் படிப்பு ஏறவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எண்களெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்து ஓரத்துக்குப் போய்விட்டன.

அப்பா யோசித்தார். லிஃப்ட் சத்தம்தான் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்தார். மெக்கானிக் கண்ணுக்கு எல்லாக் கோளாறும் இயந்திரத்தில்தானே இருக்கும். மேலே போய் சுவிட்சை இறக்கினார். கீழே 'பழுது' என்று பலகை மாட்டினார். பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று, சத்தியம் செய்யாத குறையாக எல்லாரிடமும் சொன்னார். உண்மை வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்குள் ஓர் அமைதி வந்து உட்கார்ந்தது பாருங்கள், இழவு வீடே தோற்றுப்போகும். அம்மா டிவியை வெள்ளைப் போர்வையால் மூடினாள். யாரோ தலையோடு போர்த்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தண்ணீர் சத்தம் வராமலிருக்கக் குழாய்க்குத் துணி கட்டினாள். அப்பாவுக்குத் தும்மலை விழுங்கி விழுங்கிக் காது அடைத்துப்போனது. கடிகாரம்கூடத் தயங்கித் தயங்கித்தான் துடித்தது.

பக்கம் புரளும் சத்தத்துக்காக அம்மா அறைக் கதவில் காதை வைத்து நிற்பாள். கதவடியில் இரண்டு கால்களின் நிழல் அசையாமல் கிடக்கும். பொடிசு மேசை ஃபேனைத் தலையாட்ட விட்டு, அதன் எதிரே புத்தகத்தை விரித்து வைத்தாள். ஃபேன் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு தாள் புரண்டது. சரக். கொஞ்சம் பொறுத்து, சரக். நிழல் திருப்தியோடு நகர்ந்துபோனது. தேர்வை அந்த ஃபேன் எழுதியிருந்தால் ஊரிலேயே முதலிடம் வாங்கியிருக்கும். பொடிசு முதல் பாடத்தின் தலைப்பைத் தாண்டவில்லை.

லிஃப்ட் நின்றதும் கட்டடம் முழுக்கப் படியேறியது. ஒவ்வொரு மூச்சும் அவள் சன்னலை உரசிக்கொண்டு போனது. எல்லாவற்றிலும் கனமானது ஆறாம் மாடி ரொட்டிக்கடைக்காரரின் மூச்சு. பீப்பாய் மாமா என்று பெயர். தொப்பை வீட்டுக்குள் நுழைந்து, நாற்காலி பார்த்து உட்கார்ந்த பிறகுதான் அவர் நுழைவார். அவள் சன்னலடியில் படியில் உட்கார்ந்து இளைப்பாறுவார்.

"பொடிசு, நீ பாடம் ஏறு, நான் மாடி ஏறுறேன். யாரு முதல்ல போய்ச் சேர்றோம்னு பாத்துடலாம். இப்ப எந்த மாடியில இருக்கே?"

மூன்றாவது என்பாள். பிறகொரு நாள் நான்காவது என்பாள். அவள் பொய்யில் ஏற ஏற, அவர் மூச்சு இறங்கிக்கொண்டே வந்தது. அவர் உதடு வெளுத்திருந்ததைக் கடை மாவு என்று எல்லாரும் நினைத்தார்கள். மாவு இல்லை என்று பொடிசுக்குத் தோன்றியது. லிஃப்டைப் போடச் சொல்ல நாக்கு நுனி வரை வரும். சொன்னால், படிக்காததையும் சொல்ல வேண்டியிருக்கும். விழுங்கிவிடுவாள்.

தேர்வு நெருங்கிய ஒரு சாயங்காலம். மூச்சு படியேறி வந்தது. உட்கார்ந்தது. பொடிசு கேள்விக்குக் காத்திருந்தாள். கேள்வி வரவில்லை. பிறகு மூச்சும் வரவில்லை. ஃபேன் மட்டும் சரக் என்றது.

சன்னலைத் திறந்தாள். மாமா சுவரில் சாய்ந்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. மடியிலிருந்த ரொட்டிப் பை சாய்ந்து, ஒரு ரொட்டி படிப்படியாகக் கீழே உருண்டுகொண்டிருந்தது. அவள் போட்ட கூச்சலில் எல்லா மாடிக் கதவும் திறந்தது. இவ்வளவு கனத்தைப் படியில் எப்படி இறக்குவது என்று ஆட்கள் கையைப் பிசைந்தார்கள். அப்பா வாசலில் மரம் மாதிரி நின்றார்.

"லிஃப்டைப் போடுங்கப்பா," என்றாள் பொடிசு. "அதுல ஒரு கோளாறும் இல்லன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

அப்பா மேலே ஓடினார். ஒரே ஒரு சுவிட்ச்தான். நூறு இரும்புக் கட்டில்களும் கடகடவென்று இறங்கி வந்து நின்றன. மாமாவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். லிஃப்ட் கதவு மூடியது. படியில் நின்றவர்கள் அப்பாவை ஒரு முறை பார்த்தார்கள், சன்னலில் நின்ற பொடிசை ஒரு முறை பார்த்தார்கள். அப்புறம் மேசைமேல் தானாகப் புரண்டுகொண்டிருந்த புத்தகத்தை நெடுநேரம் பார்த்தார்கள்.

மறுநாள் மாமாவின் மனைவி மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது சன்னலடியில் நின்றார். அம்மா தயங்கித் தயங்கி விசாரித்தாள்.

"ஒரே ஒரு தடவை கண்ணத் தொறந்தாரு," என்றார் அத்தை. "என்னைக் கேக்கல, கடையக் கேக்கல. பொடிசு எந்த மாடியில இருக்கான்னாரு. அப்புறம் மறுபடி மூடிக்கிட்டாரு."

பொடிசு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கீழயே நிக்கிறேன் அத்தை. ஒரு படிகூட ஏறல."

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"அப்ப ஏறு. அவரு திரும்பக் கேட்டா நான் ஏதாச்சும் சொல்லணும்ல."

பொடிசு ஃபேனை அணைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் உறுமியது. சின்ன வயதில் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டுதான் அவள் வாய்ப்பாட்டையே மனப்பாடம் செய்திருந்தாள். ஓரத்தில் ஒதுங்கியிருந்த எறும்புகள் ஒவ்வொன்றாக வரிசைக்குத் திரும்பின. முதல் பாடம், முதல் கணக்கு. லிஃப்ட் ஏறும்போதெல்லாம் பென்சில் நின்றது, காது போனது. மூன்றில் நின்றது. ஐந்தில் நின்றது. ஆறுக்குப் போகவில்லை.

கதவடியில் இப்போது நிழல் எதுவும் இல்லை. அவள் விரலை நனைத்து, பக்கத்தைத் தானே திருப்பினாள்.