பதினொன்று பத்து

கனகலட்சுமி மேல் எனக்குப் பொறாமைதான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒரே நாளில் போலீசில் சேர்ந்தோம். அவள் பரீட்சை எழுதி எஸ்.ஐ. ஆனாள், நான் வருஷத்தைத் தள்ளி ஏட்டு ஆனேன். ராஜபாளையத்தில் ஒரே ஸ்டேஷன். அவளுக்கு சல்யூட் அடிக்கக் கை தூக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

மில் வேலைக்குப் போகும் ஜெயபாயின் ஐந்து பவுன் செயின் திருடுபோனது. பக்கத்து வீட்டுத் தறி மெக்கானிக் ராம்கியைப் பிடித்தோம். ஜெயபாய் அழுதாள். “செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான். வெளிய வந்தா என்னச் சும்மா விடுவானா மேடம்?”

கைதான நேரத்தை எழுதி, ராம்கியின் அக்காவிடம் கையெழுத்து வாங்கினாள் கனகலட்சுமி. அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பு வேறு. மறுநாள் காலை வேறொரு கேஸுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கிளம்பியவள் என்னைக் கூப்பிட்டாள்.

“தாயி, அவன் வாயத் திறந்தா மொதல்ல எழுது. ரெண்டு சாட்சி வச்சுக்க. பொறவுதான் பொருள எடுக்கப் போகணும். நம்மட்ட ஒத்துக்கிட்டதுலாம் கோர்ட்ல செல்லாது. அவன் சொல்லி நாம எடுத்தோம்ங்கிறது மட்டுந்தான் நிக்கும்.”

எனக்கே பாடமா? “சரிங்க மேடம்” என்றேன், மேடத்தை அழுத்தி.

நானும் அடிக்கவில்லை. டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்துப் பேசினேன். அழுதுவிட்டான். “செட்டியார்பட்டி போற வழியில ஒரு மோட்டார் ரூம், மேடம். ஸ்விட்ச் பெட்டிக்குள்ள இருக்கு.”

எழுத உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். அதற்குள் அவள் வந்துவிட்டால் பேர் அவளுக்கு. அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். செயின் அங்கேயே இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து, நிருபர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அவளுக்கு முன்னால்! ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

திரும்பி வந்து சாவகாசமாக எழுதினேன். வாக்குமூலம் பன்னிரண்டரை மணி. செயின் எடுத்தது ஒன்றரை. தெரிந்த கடைக்காரர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

“எழுதிட்டுத்தான போன?” என்றாள் கனகலட்சுமி.

“ஆமா.”

நம்பினாள்.

சில மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கூண்டில் நின்று அதே நேரங்களைச் சொன்னேன். ராம்கியின் வக்கீல் ஒரு தாளை நீட்டினார். என் உள்ளங்கை, செயின், கீழே நான் அனுப்பிய நேரம்: பதினொன்று பத்து. “பன்னிரண்டரைக்கு அவன் சொல்றதுக்கு முன்னாடியே செயின் உங்க கையில எப்படி?” என்றார்.

ராம்கி விடுதலையானான். “வாரேன் மேடம்” என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

கோர்ட்டில் மனு போட்டு முன்பே திரும்ப வாங்கிய செயின் ஜெயபாய் கழுத்தில் கிடந்தது. “இன்னைக்கே வீட்டுக்கு வந்துருவான்ல?” என்றாள்.

வாசலில் கனகலட்சுமி நின்றாள். திட்டட்டும் என்று பக்கத்தில் போனேன். அவள் திட்டவில்லை.

“ஜெயபாய் தெருவுக்கு ரோந்து போடச் சொல்லிட்டேன். கேஸு என்னோடது தாயி. நாந்தான் சரியாப் பாக்கலன்னு மேல எழுதிக் குடுக்கப் போறேன்.”

பேரைத்தான் எப்போதும் அவள் வாங்குவாள். இன்றைக்குப் பழியையும் வாங்கிக்கொண்டாள். அதைக்கூட எனக்கு விடவில்லை.