இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் தொட்டில்

டாபித்தா ஒரு வருஷமாகக் கேட்டதெல்லாம் ஒரு ஜோடி படிக்கட்டுதான்.

ஹார்ஸ்கில் இடுகாட்டில் அரச திருச்சபைக்காரர்களுக்கு வலப்பக்கம் நிலம், பிரிந்துபோன சபைக்காரர்களுக்கு இடப்பக்கம். ஒருவருக்கு ஓர் அங்குலம் கூடினாலும் மற்றவர் சண்டைக்கு வருவார். அதனால் வாசலில், டாபித்தாவின் கணவன் காவல்காரனாக இருக்கும் வீட்டையும் பங்கு போட்டுவிட்டார்கள். நடுவில் வண்டி போகும் வளைவு. இடப்பக்கம் அடுப்படி, வலப்பக்கம் படுக்கையறை. அழகுக்காகப் புகைபோக்கியைக் குட்டையாக்கியதில் அடுப்படி முழுக்கப் புகை. நெஞ்சுச்சளி பிடித்த கைப்பிள்ளையை அங்கே வைத்திருக்க முடியாது; தொட்டில் வலப்பக்கம்தான். வளைவுக்கு மேலே ஓர் அறை உண்டு, ஏறத்தான் வழியில்லை. இரண்டு பக்கமும் படி வைத்தால் வீடு ஒன்றாகிவிடும். இது கட்டியவருக்குத் தோன்றவில்லை என்றால் அவர் படித்த படிப்பு எதற்கு?

கடைசியில் அந்தக் கட்டடக் கலைஞர் லாட்டிமரே வந்தார். அடுப்படியில் உட்கார்ந்து மூன்று கோப்பை தேநீர் குடித்தார்.

"படி வச்சா சன்னல் வைக்கணும்மா. சன்னல் வச்சா முகப்போட அழகே போயிடும்."

"அழகைப் பாத்து எம்புள்ள பசியாறுமா ஐயா?"

அவர் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. ஆலை முதலாளியின் சவ ஊர்வலம், முப்பது வண்டி. சவ ஊர்வலத்தின் குறுக்கே போவது அந்த ஊரில் பெரிய பாவம். வளைவுக்கு அப்பால் பிள்ளை விழித்து அழ ஆரம்பித்தது. பால் கிண்ணத்தோடு டாபித்தா வாசற்படியில் நின்றாள். வாயிலில் தொப்பியைக் கழற்றி நின்ற அவள் கணவன் ஏனோக், வராதே என்று கண்ணால் கெஞ்சினான்.

பத்தாவது வண்டி போகும்போது, குடித்த தேநீர் முட்ட, லாட்டிமர் நெளிந்தார். எழுந்துபோய், பின்சுவரில் இருந்த கதவின் பிடியை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

"அது பொய்க்கதவு ஐயா. அந்தப் பக்கம் இருக்கற கக்கூஸ் கதவுக்கு ஜோடியா நீங்கதான வச்சீங்க?"

பதினான்காவது வண்டிக்கும் பதினைந்தாவதற்கும் நடுவே அந்தப் பக்கம் பாய்ந்தார் லாட்டிமர். குதிரைகள் மிரண்டு நின்றன. கிடைத்த இடைவெளியில் டாபித்தாவும் ஓடினாள். பிள்ளை அழுது அழுது நீலம் பாரித்திருந்தது. அதை மார்போடு சேர்த்துக்கொண்டு, அவள் அந்தக் கட்டடத்தைக் கல் கல்லாகச் சபித்தாள்.

அன்று மாலை, போகும்போது லாட்டிமர் சொன்னார்: "உன் கஷ்டம் இப்பத்தான் புரியுதும்மா. இடுகாட்டுக் குழுகிட்ட நானே பேசறேன்." டாபித்தா நம்பினாள்.

அடுத்த மாதம் கொத்தனார்கள் வந்தார்கள். நாலு நாள் வேலை. பொய்க்கதவைப் பெயர்த்து அதன் பின்னால் நிஜமான கக்கூஸ் ஒன்றைக் கட்டினார்கள். இப்போது இரண்டு பக்கமும் சரிசமம்.

"படி எங்கப்பா?"

"படியா? அப்படி எதுவும் சொல்லலையே தாயி."

மறுநாள் மணி அடித்தது. அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. டாபித்தா பால் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்று வண்டிகளை எண்ணத் தொடங்கினாள்.